ஆடி மாதமும் அடுத்த பஸ்ஸும்: இயங்குதளத்துக்கு நாள் குறிப்பது எப்படி?

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை இருக்கிறது. கடைக்காரருக்குப் பூர்விகம் திருப்பத்தூர்ப் பக்கம். பெங்களூருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. மேசையில் இரண்டு கணினிகள் வைத்திருந்தார். ஒன்றில் விண்டோஸ் 7, அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. அந்த மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001இல். அவரிடம் உள்ள தமிழ் எழுத்துருக்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பழக்கத்துக்கு வருவதற்கு முந்தியவை. வேறு கணினியில் திறந்தால் ‘திருமண அழைப்பிதழ்’ என்பது ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும் கலந்த கூட்டாஞ்சோறாகத் தெரியும். அந்தக் கணினிக்கு அவர் இணைய இணைப்பே கொடுப்பதில்லை. மற்றொன்று விண்டோஸ் 10. ஜிஎஸ்டி பில் போடவும் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்பவும் அதுதான்.

“தம்பி, ஓடுகிற வண்டிக்கு நீங்கள் எல்லாம் எதற்குச் சக்கரம் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டார். ‘நீங்கள் எல்லாம்’ என்றது என்னைத்தான். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு நிறுவனத்தில், மென்பொருளை எப்போது வெளியே விடுவது என்று முடிவு செய்யும் குழுவில் வேலை பார்க்கிறேன்.

நான் பதில் யோசிப்பதற்குள் ஒன்று கவனத்துக்கு வந்தது. இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்பவர் அவர்தான். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது; கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அச்சு இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வது, உருளை மாற்றுவது, புதிய வகைக் காகிதம் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அப்போது. ஆவணி பிறந்துவிட்டால் திருப்புளியைத் தொடமாட்டார். இயந்திரம் கொஞ்சம் முனகினால்கூட, “முகூர்த்தம் முடியட்டும்” என்பார். மாற்றங்களை உள்ளே விட ஒரு காலம், கதவைச் சாத்திவிட்டுப் பழுது மட்டும் பார்க்க ஒரு காலம். உலகத்தின் பெரிய இயங்குதளங்கள், அதாவது விண்டோஸ், லினக்ஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள், இந்த ஆடி–ஆவணி ஒழுங்குக்கு வந்து சேரப் பல வருடம் தட்டுத் தடுமாறின.

தடுமாற்றம் எங்கே என்று பார்க்க, தீபாவளிக்கு முந்தின இரவு சாந்தி நகர் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். சாதாரண நாளில் ஒசூர் பக்கம் போகிறவர் ஒரு பஸ்ஸை விட்டால் அலட்டிக்கொள்ளமாட்டார். பின்னாலேயே அடுத்தது வரும். இதுதான் கடைசி பஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பட்டாசுப் பெட்டி ஏறும், படியில் நாலு பேர் தொங்குவார்கள். வண்டியும் நேரத்துக்குக் கிளம்பாது. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரியாத மென்பொருளிலும் இதேதான் நடக்கும். தன் பகுதி இதில் ஏறாவிட்டால் இன்னும் மூன்று வருடம் ஆகலாம் என்று நினைக்கும் ஒவ்வொரு குழுவும் அரைகுறையாக இருப்பதையும் உள்ளே தள்ளும். அரைகுறைகளைச் சரிசெய்ய நாள் தள்ளிப்போகும். நாள் தள்ளிப்போவதைப் பார்த்து மற்ற குழுக்கள், “அப்படியானால் இதையும் சேர்த்துவிடுவோமே” என்று வரும்.

மைக்ரோசாஃப்டின் விஸ்டா இப்படிப் படியில் தொங்கிய பஸ். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. அடுத்ததற்கு உள்வட்டப் பெயர் லாங்ஹார்ன். புதிய கோப்பு முறை, புதிய திரைவரைவு என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார்கள். 2004 ஆகஸ்டில், எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் சர்வர் 2003இன் நிரலை அடித்தளமாக வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. வின்எஃப்எஸ் என்று பெரிதாகப் பேசப்பட்ட கோப்புச் சேமிப்பு முறை இறக்கிவிடப்பட்டது. பொதுமக்கள் கைக்கு விஸ்டா வந்தது 2007 ஜனவரி 30 அன்று, ஐந்தேகால் வருடம் கழித்து.

இலவச மென்பொருள் உலகமும் இதற்கு விலக்கில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அப்போது பதிப்பின் இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் நிலையானது, ஒற்றைப்படை என்றால் சோதனைக்கானது. 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். நடுவில் புதிய வன்பொருளுக்கான ஆதரவெல்லாம் 2.5க்குள் முடங்கிக் கிடந்தது. வாடிக்கையாளர் காத்திருப்பாரா? லினக்ஸை விற்கும் நிறுவனங்கள் 2.5இலிருந்து வேண்டியதைப் பிய்த்தெடுத்து அவரவர் 2.4இல் ஒட்டின. ‘நிலையானது’ என்ற பெயரில் ஆளுக்கொரு கெர்னல். நிலைத்தன்மைக்காகப் போட்ட வேலி, நிலைத்தன்மையையே மேய்ந்தது.

லினக்ஸ் கெர்னலை வைத்துக் கட்டப்பட்ட டெபியன் என்ற இயங்குதளத்தின் கதையும் நீளம்தான். 3.0 பதிப்பு 2002 ஜூலையில், 3.1 பதிப்பு 2005 ஜூனில். ‘தயாரானதும் வெளியிடுவோம்’ என்பது அவர்களின் கொள்கை. கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரே நாளில் தயாராக இருக்கவே இருக்காது. ஒன்று பழுக்கும்போது இன்னொன்று அழுகும். அந்த இடைவெளியில்தான் 2004 அக்டோபரில் உபுண்டு என்ற இயங்குதளம் பிறந்தது. டெபியனிலிருந்தே எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வந்தது வரட்டும் என்று வண்டியைக் கிளப்பியது. பதிப்பு எண்ணிலேயே வருடமும் மாதமும் இருக்கும், 4.10 என்றால் 2004, பத்தாம் மாதம். தாமதித்தால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒருமுறை அது நடந்தது. 2006 ஏப்ரலில் 6.04 ஆக வந்திருக்க வேண்டியது, மெருகேற்ற ஆறு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஜூனில் 6.06 ஆக வந்தது. அதுதான் அவர்களின் முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. நல்ல காரணம், இருந்தாலும் தழும்பு எண்ணில் நிற்கிறது.

(வெளியீட்டுத் தாமதத்தைப் பற்றி அல்சூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991இலேயே நிறுவப்பட்டுவிட்டது. போர்த்திய துணி விலகியது 2009 ஆகஸ்டில். பதினெட்டு வருடம்.)

கெர்னலும் 2005 வாக்கில் வழிக்கு வந்தது. ஒவ்வொரு பதிப்பின் தொடக்கத்திலும் இரண்டு வாரம் மட்டும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் புதியவற்றைச் சேர்த்துக்கொள்வார். அதுதான் ஆடி. பிறகு கதவு சாத்தப்படும். வாரம் ஒரு முன்வெளியீடு, ஏழெட்டு வாரம் பழுது பார்த்தல், பிறகு வெளியீடு. ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வந்துகொண்டே இருக்கிறது. என் கணக்கில் இதன் பெருமை வேகத்தில் இல்லை. “இந்தமுறை முடியாது, அடுத்ததில் பார்ப்போம்” என்று ஒருவரிடம் மனம் நோகாமல் சொல்ல முடிகிறதே, அதில் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிடுவதன் விலை குறைந்துவிட்டால் படியில் தொங்க யாருக்கும் அவசியமில்லை. நிலைத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது.

சொல்வது எளிது. கதவு சாத்துவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் அலுவலகத்தில் அதிகம் கேட்கும் வாக்கியம், “இது ரொம்பச் சின்ன மாற்றம்தான்.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாற்றம் நாலு வரிதான் இருக்கும். ஆனால் அந்த நாலு வரியைச் சோதித்தவர் அவர் ஒருவர், அவருடைய கணினி ஒன்று. ஒருமுறை இப்படி ஒரு நாலு வரியை நானே அனுமதித்தேன், ஆயுத பூஜைக்கு முந்தின மாலை. கணினிக்குப் பொட்டு வைத்துப் பொரி சாப்பிட வேண்டிய நாளில் ஆறு பேர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ‘சின்ன’ என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்க்கிறது.

சில மாற்றங்கள் ஏறிவிட்டால் இறக்க முடியாதவை. ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஆறு மாதப் பஸ்தான். வெளியீட்டுக்கு முன்பு ‘போகலாமா, வேண்டாமா’ என்று ஒரு கூட்டம் நடத்துவார்கள். தடையாக ஒரு வழு, அதாவது நிரல் பிழை, மிச்சமிருந்தால் ஒரு வாரம் தள்ளுவார்கள். 2012 நவம்பரில் வரவேண்டிய ஃபெடோரா 18 இப்படி வாரம் வாரமாகத் தள்ளி 2013 ஜனவரி 15க்குத்தான் வந்தது. காரணம், இயங்குதளத்தைக் கணினியில் பதிக்கும் நிறுவி நிரலை முழுவதுமாக மாற்றி எழுதினார்கள். பழைய நிறுவிக்குத் திரும்பலாம் என்றால் அதற்குள் மற்றவை எல்லாம் புதியதை நம்பி மாறிவிட்டிருந்தன. பாலத்தை எரித்துவிட்டு நடுஆற்றில் நின்ற கதை. பெரிய மாற்றம் ஒன்றை முன்மொழிகிறவர், அது நேரத்துக்கு முடியாவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்து எழுதித் தர வேண்டும் என்று அங்கே ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

டெபியன் தன் பிடிவாதத்தை முழுக்க விடவில்லை, அழகாக வளைத்துக்கொண்டது. 2009இல் அவர்கள் எடுத்த முடிவு: வண்டி கிளம்பும் நாளைச் சொல்லமாட்டோம், கதவு சாத்தும் நாளைச் சொல்வோம். கதவும் ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை. முதலில் பலவற்றைப் பாதிக்கும் பெரிய மாற்றங்களுக்குத் தடை. பிறகு புதிய மென்பொருள்களுக்கு. கடைசியில் ஒவ்வொரு திருத்தத்தையும் வெளியீட்டுக் குழு கண்ணால் பார்த்துத்தான் விடும். வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களின் எண்ணிக்கை எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். அது இறங்கி முடித்ததும் வெளியீடு. 2021 ஆகஸ்டில் 11, 2023 ஜூனில் 12, 2025 ஆகஸ்டில் 13. ‘தயாரானதும்’ என்றே இன்னும் சொல்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தயாராகிறார்கள்.

இதுவரை சொன்னது ஓட்டுநர் பக்கத்து நியாயம். பயணி பக்கம் ஒன்று உண்டு. அச்சகக்காரருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புது பஸ் எதற்கு? அவர் ஏறவே விரும்பவில்லை. பஸ் அடிக்கடி வந்தால் எழுதுகிறவருக்கு நிம்மதி, பயன்படுத்துகிறவருக்குத் தலைவலி. ஆகவேதான் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்ற ஏற்பாடு. உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒன்று, அதற்கு ஐந்து வருட ஆதரவு. இடைப்பட்டவற்றுக்கு ஒன்பதே மாதம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவருக்குப் புதியது வந்த அன்றே மேம்படுத்தச் சொல்லி அறிவிப்பு வராது. சில மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் வரும். முதல் பந்தியில் அவசரக்காரர்கள் சாப்பிட்டுப் பார்க்கட்டும், உப்பு சரியா என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு இலை போடலாம் என்பதுதான் அது.

அந்த ஐந்து வருடமும் உள்ளே நடக்கும் வேலையை யாரும் பாடுவதில்லை. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவருகிறது; அதை அடைத்த திருத்தம் மென்பொருளின் புதிய பதிப்பில் இருக்கிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவருக்குப் புதியதைக் கொடுத்தால் நாள் குறித்ததே வீண். ஆகவே அந்தத் திருத்தத்தை மட்டும் பின்னோக்கி எடுத்துவந்து பழைய நிரலில் தைக்க வேண்டும். பட்டுப்புடவையின் கிழிசலை அதே நூலால் இழை எடுத்துத் தைப்பது போன்ற வேலை. தையல்காரருக்குப் புடவையின் நெசவு தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் டெபியனே சாட்சி. 2006 மே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில், ஒரு சோதனைக் கருவி எச்சரித்தது என்று டெபியனில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். தகவலைப் பூட்டும் சாவிகளை ஊகிக்க முடியாமல் செய்யும் தற்செயல்தன்மை வந்து சேர்ந்த வழியே அவற்றில் ஒன்றுதான். அதன் பிறகு உருவான சாவிகளில், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,000 மட்டுமே சாத்தியம்; ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். வெளியே தெரிந்தது 2008 மே மாதம். நடுவில் நிலையான பதிப்பு ஒன்று, பெயருக்கேற்ற மரியாதையோடு, அந்த ஓட்டையோடு வெளிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ‘புதிய வசதி எதுவும் கிடையாது’ என்று மேடையிலேயே சொல்லி ஆப்பிள் 2009 ஆகஸ்டில் விட்ட ஸ்னோ லெப்பர்டிலும் ஒரு வழு: விருந்தினர் கணக்கில் நுழைந்து வெளியே வந்தால் சிலருக்குச் சொந்தக் கணக்கிலிருந்த கோப்புகள் காணாமல் போயின. நவம்பரில்தான் சரியானது. புதிதாக எதையும் சேர்க்காமலிருப்பதாலேயே ஒன்று பத்திரமாகிவிடாது.

காத்திருப்பது காப்பாற்றிய கதையும் உண்டு, அது இதைவிடத் திகிலானது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவர், அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதற்கான பின்கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக அந்தத் திட்டத்தில் உழைத்து நம்பிக்கை பெற்றவர். லினக்ஸ் வெளியீடுகளின் கதவு சாத்தப்படும் முன் புதிய பதிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வற்புறுத்தலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. உபுண்டு 24.04இன் முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளி, சந்தேகப்பட்ட காலத்தில் உருவான தொகுப்புகளையெல்லாம் திரும்பக் கட்டினார்கள். கடைசி வெளியீடு குறித்த நாளில், ஏப்ரல் 25 அன்றே வந்தது. இத்தனை ஆண்டு பழகிய கால அட்டவணையில் ஒரு வாரத்தை இழுத்துப்போட இடமிருந்தது. அவசரப்படுத்துகிறவரைச் சந்தேகப்படு என்று என் பாட்டி சொல்வார். அவர் சொன்னது நிலம் வாங்குவதைப் பற்றி.

இன்னொரு பக்கம், சோதித்தவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லாவிட்டால் எந்த அட்டவணையும் உதவாது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 மேம்பாடு, ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய கோப்புறையை ‘இரட்டை’ என்று நினைத்து, உள்ளிருந்த கோப்புகளோடு அழித்துவிட்டது. சில நாளிலேயே நிறுத்தி, நவம்பர் 13 அன்று திரும்ப விட்டார்கள். இதே தொல்லையை முன்னோட்டச் சோதனையாளர்கள் சிலர் முன்பே எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் வழிமொழியாததால் அந்தப் புகார் அடியில் கிடந்தது. பத்துப் பேரின் ‘ஐகான் நிறம் பிடிக்கவில்லை’ மேலே, ஒருவரின் ‘என் கோப்புகளைக் காணோம்’ கீழே. பிறகுதான், எவ்வளவு மோசமான பாதிப்பு என்று குறிப்பிடும் வசதியைப் புகார்ப் பெட்டியில் சேர்த்தார்கள்.

தமிழில் கணினியைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதவு சாத்துதல் வேறு வகையில் கண்ணில் படும். லினக்ஸ் கணினிகளில் திரையின் பட்டியலும் சாளரங்களும் தரும் க்னோம் மேசைத்தளம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருகிறது. அதற்குச் சில வாரம் முன்பே திரையில் தெரியும் சொற்களை மாற்றக் கூடாது என்று ஒரு தடை விழும். மாற்றியே ஆக வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நிரலாளர் ஒருவர் கடைசி வாரத்தில் ‘நீக்கு’ என்பதற்கு இன்னும் நயமான ஆங்கிலம் கண்டுபிடித்தால், அந்த ஒரு வரி எல்லா மொழியிலும் மொழிபெயர்க்கப்படாததாகிவிடும். ‘திற’, ‘நகலெடு’, ‘பெயர் மாற்று’ என்று தமிழில் போகும் பட்டியலில் திடீரென்று ஓர் ஆங்கில வரி பல்லிளிக்கும். அலுவலகம் முடிந்து இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து தமிழாக்கும் தன்னார்வலருக்கு அந்தச் சில வாரம்தான் சொத்து.

அச்சகக்காரரின் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடியும் நாள் 2025 அக்டோபர் 14 என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். அந்தக் கணினி விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லுக்கு ஒத்துவராது என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டேன். “அக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கிறதே” என்று அவர் சொல்லவில்லை. நாட்காட்டியைத் திருப்பி, ஆடி முதல் தேதி எந்தக் கிழமை என்று பார்த்தார். அந்த வாரத்திலேயே எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பழையதைப் பிடுங்காமல் இரண்டையும் ஆவணி பிறக்கும் வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். ஒரே பில்லை இரண்டிலும் போட்டுப் பார்த்தார்.

விண்டோஸ் 7 கணினி அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். “அந்த எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்ற ஒரு பையன் வருகிறான்” என்றார். எப்போது என்று கேட்கத் தேவைப்படவில்லை. நாட்காட்டியில் அடுத்த ஆடிக்கு ஏற்கெனவே வட்டம் போட்டிருந்தது.